நடிகர் கையெழுத்துப் போட்ட டோலக்

எங்கள் டோலக்கை என் வீட்டுக்காரர் இனிமேல் அடிக்கக் கூடாது என்று கோட்டைக்குப்பத்துப் பெரியவர்கள் முடிவு செய்தபோது நான் வெயிலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து நானும் பதிலுக்கு ஏதோ கேலி சொன்னேன். அவள் முகம் மாறவே இல்லை. கருவாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலடிக்கு ஓடினேன்.

அந்த டோலக்கை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பிற்பாடு நான் செய்தது வெறும் திமிர் என்று தோன்றும். திமிரும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

நான் பிறந்தது மீஞ்சூரில். அம்மா அங்கே மார்க்கெட்டில் மீன் விற்றாள், என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்துக்கு மருமகளாக வந்தது எழுபதுகளின் நடுவில். வந்த கொஞ்ச காலத்திலேயே, ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரத்தில் ஓர் அலை, நாங்கள் வல்லம் என்கிற மரப்படகைத் தூக்கிக் கரையில் அடித்தது. வல்லத்துக்கும் மணலுக்கும் நடுவே என் வீட்டுக்காரரின் கால் மாட்டிக்கொண்டது. கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. நடப்பார், உட்காருவார், கைகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏரிச் சேற்றில் கால் ஊன்றி நின்று வலை கட்ட முடியாது.

எங்கள் பக்கத்தில், ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தரம் கோயிலடியில் கூடி, பெயர்களைச் சீட்டில் எழுதி, பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டு வருகிற வரிசைப்படி அவரவர் முறை. பானையில் பெயர் இருக்கிறவன் குப்பத்து ஆள். பெயர் இல்லாதவன் அடுத்தவன் வலையை இழுத்துக் கூலி வாங்க வேண்டியதுதான். ஏரியில் இறங்காதவனுக்குப் பாட்டில் பெயர் கிடையாது என்பது பழைய கட்டுப்பாடு. கால் போன பிறகும் என் வீட்டுக்காரர் பெயரை எடுக்காமல் விட்டதற்குக் காரணம் அந்த டோலக். கங்கையம்மன் திருவிழா, மார்கழி பஜனை, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் அடிப்பார். அதுவே அவர் குப்பத்துக்குச் செய்கிற வேலை என்று வைத்து, பெயரைப் பானையில் விட்டிருந்தார்கள். எங்கள் முறை வரும்போது வேறொருவர் வலை கட்டுவார். கிடைத்ததில் பாதி எங்களுக்கு வரும்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து, லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதையில் கதாநாயகன் மீனவன். நடித்தவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் படம் வெளியான அன்று எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் கடலை விட்டுவிட்டுப் பொன்னேரி கொட்டகைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவு சொன்னால் போதும். பாட்டுக் காட்சியில் அவர் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு டோலக் தேவைப்பட்டது. அவர்கள் கொண்டுவந்தது கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் பளபளத்ததாம், மீனவன் கழுத்தில் எடுபடவில்லையாம். எங்களுடையது வேண்டிய அளவுக்கு அழுக்காக இருந்தது. வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

நானும் போய் வேடிக்கை பார்த்தேன். நடிகருக்கு டோலக் அடிக்கத் தெரியாது. தோலின் மேல் விரலை மேயவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். சத்தமெல்லாம் பெட்டியிலிருந்து வந்தது. கடைசி நாள் எல்லோரும் மூட்டை கட்டும்போது, எங்கள் குப்பத்துத் தலைவருடைய மச்சான் டோலக்கைத் தூக்கிக்கொண்டு நடிகர் முன்னால் போய் நின்றான். ரசிகர் மன்றத்தை நடத்துகிறவன் அவன்தான். பேனா தோலில் பிடிக்கவில்லை. போர்டு எழுதுகிறவரிடமிருந்து பிரஷ்ஷை வாங்கி, கறுப்பு போஸ்டர் கலரில் தோய்த்து, பெரிய பக்கத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பாகப் பெயரை எழுதிக் கொடுத்தார் நடிகர். சும்மா சொல்லக் கூடாது, எழுத்து அழகாகத்தான் இருந்தது. டோலக்கின் சொந்தக்காரர் கூட்டத்தில் நின்றிருந்தார். அவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது.

இப்போது நான் கோயிலடிக்கு ஓடிப் பார்த்தால், டோலக் அம்மன் முன்னால் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். தலைவரின் மச்சான்தான் பேசிக்கொண்டிருந்தான். நட்சத்திரங்கள் தொட்ட சாமானுக்கு மெட்ராஸில் தனி விலையாம். இந்த நடிகர் கையெழுத்துப் போட்ட வாத்தியம் என்றால் ஒரு புது வல்லத்தையே கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதாம். யார் சொன்னது என்று கேட்டேன். மெட்ராஸில் பேசிக்கொள்கிறார்கள் என்றான். விற்று வருகிற பணத்தில் குப்பத்துக்குப் பொதுவாக ஒரு வல்லம் வாங்குவது, அதில் பெரிய பங்கு என் வீட்டுக்காரருக்கு, அதுவரைக்கும் எழுத்து அழியாமல் இருக்க யாரும் டோலக்கில் கை வைக்கக் கூடாது. இதுதான் முடிவு. பொழுது சாய்வதற்குள் அந்த வல்லத்துக்கு என்ன வர்ணம் பூசுவது என்று வாக்குவாதமே நடந்துவிட்டது.

டோலக் யாருடையது என்று நான் கேட்டேன். தலைவர் கோபப்படவில்லை. டோலக் உன் வீட்டுக்காரனுடையது, கையெழுத்து குப்பத்துடையது, குப்பத்து ஆள் போய் நின்று கேட்டதால்தானே கிடைத்தது என்றார். தலைவர் பேச்சில் ஞாயம் மாதிரி ஒன்று எப்போதும் இருக்கும். சரி, எழுதின தோலைக் கழற்றி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வேறு தோல் போட்டுக்கொள்கிறோம் என்றேன். மச்சான் குறுக்கே விழுந்தான். கழற்றிவிட்டால் அது வெறும் தோல், அவர் கழுத்தில் மாட்டிய முழு டோலக்குக்குத்தான் விலை என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். சின்ன பக்கத்தை மட்டும் அடித்தால் என்ன என்று யாரோ கேட்டு, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். அதிர்ச்சியில் பெரிய பக்கத்திலிருந்து ஒரு பொடி கறுப்பு உதிர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

யார் வீட்டில் வைப்பது என்பதில் அடுத்த தகராறு. ஒரே வீட்டில் இருந்தால் நாளைக்கு அவன் சொந்தம் கொண்டாடுவான் என்று பயம். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். டோலக்கையும் பாட்டில் போட்டார்கள். ஏரியில் வலை கட்டும் இடம் எப்படி முறை வைத்துக் கை மாறுமோ, அதேபோல் சீட்டெடுத்து, வீட்டுக்கு வீடு டோலக் போக ஆரம்பித்தது. பூஞ்சை பிடிக்கும் என்று ஒருத்தி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டாள். இன்னொரு வீட்டில் பிள்ளையை இறக்கிவிட்டுத் தூளியில் இதைப் படுக்க வைத்தார்கள். டோலக் தங்கியிருந்த வீட்டுக்கு இறால் நன்றாகப் பட்டால் கையெழுத்தின் ராசி என்றார்கள். படாவிட்டால், முன்பு வைத்திருந்தவர்கள் எழுத்தைச் சுரண்டிவிட்டார்கள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் கை மாறும்போது வாங்குகிற வீட்டுப் பெண்கள் வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பார்கள். கடைசி எழுத்தின் வால் வியர்வை பட்டுக் கலங்கியிருந்தது. அது யார் வீட்டில் கலங்கியது என்பதில் அக்கா தங்கை இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் முறையும் வந்தது. என் வீட்டு டோலக்கை என் வீட்டுக்குள்ளேயே ஆரத்தி எடுத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, விரல் மறந்துபோய்விடும், மெதுவாக ஒரு தரம் தட்டிப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். நீட்டிய கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மே. ஒரு வல்லம் அது."

அப்போதுதான் அவரும் அந்த வல்லத்தில் ஏறிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. டோலக்குக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, எந்த மரத்தில் செய்யச் சொல்வது, யாரைத் துடுப்புத் தண்டு வலிக்க வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். கால் போனதிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஏரியில் இறங்க முடியாத மனுஷன், கரையில் நின்றுகொண்டு தன் வல்லம் திரும்பி வருவதைப் பார்க்க ஆசைப்பட்டார். அந்த ஆசையைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஆத்திரமாக இருந்தது.

ஆடியில் கங்கையம்மன் திருவிழா வந்தது. இன்னொரு டோலக் வாங்க எங்களுக்கு வக்கில்லை, அடிக்க ஆள் வேண்டுமே. எங்கள் குப்பத்தில் பெண் கட்டி, மாமியார் வீட்டோடு தங்க வந்திருந்த ஒரு பையனுக்கு டோலக் தெரியும். சொந்த டோலக்கும் வைத்திருந்தான். அவன் அடித்தான். நன்றாகவே அடித்தான். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையனுடைய டோலக்கை ஒரு பாட்டுக்கு வாங்கி அடியுங்கள் என்று நான் ஆள் விட்டுச் சொன்னேன். அவன் தன் வாத்தியத்தை இன்னொரு கையில் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அடிக்கிறவர்கள் அப்படித்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏரி வேலை தெரியாத அவனுக்கும் பாட்டில் பெயர் வேண்டியிருந்தது. அவன் மாமியார் அதை வாய் விட்டே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

திருவிழா முடிந்து நான் தலைவரிடம் போனேன். அடுத்த சீட்டில் எங்கள் பெயர் இருக்கும் அல்லவா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வலைக் கண்ணைப் பின்னிக்கொண்டே பதில் சொன்னார்.

"டோலக்கு அடிக்கிறவனுக்குத்தான் அந்தப் பேரு. இந்த வாட்டி யாரு அடிச்சாங்கனு ஊருக்கே தெரியும். நான் இன்னா பண்ண?"

அடிக்கக் கூடாது என்றதும் இவர்கள்தான், அடிக்கவில்லை என்பதும் இவர்கள்தான். அப்படியென்றால் புரட்டாசிச் சீட்டுக்கு முன்னால் அதை விற்றுவிடுங்கள், வல்லத்தில் எங்கள் பங்காவது கைக்கு வரட்டும் என்றேன். அது அவருக்கும் சரியாகப் பட்டது. மச்சானை மெட்ராஸுக்குப் போகச் சொன்னார். நானும் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ரயிலும் பட்டணத்துப் பேச்சும் தெரிந்தவள் என்று விட்டார்கள்.

பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். பழைய சேலையில் சுற்றி டோலக்கை மடியில் வைத்துக்கொண்டேன். வியர்வை படப்போகிறது, கையை எடு அண்ணி என்று வழியெல்லாம் நச்சரித்துக்கொண்டு வந்தான் மச்சான். மூர் மார்க்கெட்டில் வாத்தியங்கள் தொங்கிய ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் சேலையைப் பிரித்ததும் எழுத்தைப் பார்க்கவில்லை. டோலக்கை ஒருக்களித்து வைத்து மரத்தை நகத்தால் தட்டினார். கட்டையில் குறையில்லை, தோல் தொய்ந்துவிட்டது, ரொம்ப நாளாக அடிக்கவில்லை போலிருக்கிறது என்றார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டி, யார் கையெழுத்து தெரிகிறதா என்றான். தெரிகிறது என்றார் கடைக்காரர். எவ்வளவு தருவீர்கள் என்றான்.

"வாசிக்கிறவன் வாங்கினா, பெயிண்ட் பூசின இந்தத் தோல மாத்திட்டுத்தான் வாசிப்பான். அந்தச் செலவக் கழிச்சிக்கினு மீதி தரேன்."

கையெழுத்தால் விலை குறைகிறது என்கிறார். எனக்கு முதலில் அது மண்டையில் ஏறவில்லை. மச்சான் சண்டைக்குப் போனான். கடைக்காரர் பொறுமைசாலி. ஒரு பெரிய வித்வான் வருஷக்கணக்கில் வாசித்த வாத்தியம் என்றால் தேடி வருகிறவர்கள் உண்டு, அது அந்தக் கைக்குப் பழகியிருக்கும், அவர் இதில் வாசித்தாரா என்று கேட்டார். கழுத்தில் மாட்டினார் என்றான் மச்சான். அவர்தான் எழுதினார் என்பதற்கு என்ன சாட்சி என்று அடுத்துக் கேட்டார். பக்கத்தில் நின்று எடுத்த ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. குப்பமே சாட்சி என்றேன் நான். குப்பத்தையே கடையில் கொண்டுவந்து நிறுத்த முடியுமா அம்மா என்று சிரித்துவிட்டு அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போனார். நாங்கள் இன்னும் சில கடைகள் ஏறி இறங்கினோம். சினிமாப் படங்கள் விற்கிற ஒருவர் மட்டும், தோலைத் தனியாக அறுத்துச் சும்மா கொடுத்தால் கடையில் மாட்டிவைக்கிறேன் என்றார். மெட்ராஸ் முழுக்கச் சுற்றிக் கிடைத்த விலை அதுதான்.

திரும்பும் ரயிலில் மச்சானுக்கு முகம் செத்துப்போயிருந்தது. மீஞ்சூர் தாண்டும்போது மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தான்.

"குப்பத்துல வெல படியலனு மட்டும் சொல்லு அண்ணி. மீதிய நான் பாத்துக்கறேன். வாயத் தொறந்தியானா அண்ணன் பேரு பானைல இருக்காது."

கெஞ்சலா மிரட்டலா என்று பிரிக்க முடியாத குரல். தலைவர் காதில் அவன் சொல்வதுதான் விழும் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. குப்பத்தில் இறங்கியதும் அவனே சொன்னான். கடைக்காரர் டோலக்கைத் தடவித் தடவிப் பார்த்துக் கீழே வைக்க மனசில்லாமல் வைத்தாராம். படம் இன்னும் வெளியாகவில்லையாம். வெளியானால் விலை ஏறுமாம், அதுவரை பொறுத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனமாம். கேட்டவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. அன்றிலிருந்து அது ஒரு வல்லம் இல்லை, வலையோடு சேர்ந்த வல்லம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். தலைகுனிந்து முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தக் கடை இருட்டாக இருந்ததா என்றார். அந்த ஆளுக்குக் கண் சரியில்லையோ என்றார். மெட்ராஸ் முழுக்கவா கண் சரியில்லை என்று கத்தினேன். நீங்கள் டோலக்கை எடுத்து அடிக்காவிட்டால் பெயர் போகும், பெயர் போனால் பாதி இறாலும் போகும், பிறகு நான் கூடை தூக்கிக்கொண்டு மீஞ்சூருக்கே போக வேண்டியதுதான் என்றேன். அவர் பதற்றமே இல்லாமல், வல்லம் வைத்திருக்கிறவனுக்குப் பானையில் பெயர் எதற்கு என்றார். அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. அவரோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம். அவருடைய வல்லத்தோடு போட முடியாது.

சீட்டு எடுக்கிற நாள் காலையில் கோயிலடியில் குப்பமே கூடியது. ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் எப்போதும்போல் பின்னால், சுவரோரம். அம்மன் முன்னால் பானை. அதற்குப் பக்கத்தில் குங்குமம் வைத்து எங்கள் டோலக். அந்தப் பையன் தன் டோலக்கோடு ஒரு பக்கம் தயாராக உட்கார்ந்திருந்தான். தலைவர் ஒவ்வொரு பெயராகப் படித்துச் சீட்டைச் சுருட்டிப் பானையில் போட்டுக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் பெயர் வந்ததும் நிறுத்தினார். சீட்டு அவர் விரலிலேயே இருந்தது. கட்டுப்பாடு எல்லோருக்கும் தெரியும், இந்த வருஷம் யார் அடித்தது என்று பொதுவாகக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் கெஞ்சுவார் என்று நினைத்தேன். நீங்கள்தானே தடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் அடிக்கல. பேர எடுத்துக்கோங்க. எனக்கு வல்லத்துல பங்கு கீது."

தலைவரின் கை பானையை விட்டு விலகியது. தலைவருக்குப் பின்னால் நின்றிருந்த மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னான்.

நான் நடந்தேன். அம்மனைக் கும்பிடப் போகிறாள் என்று நினைத்து ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அம்மன் முன்னால் செம்பில் தண்ணீர் இருந்தது. முந்தானையை அதில் முக்கினேன். டோலக்கை என் பக்கம் திருப்பி வைத்துத் துடைத்தேன்.

அவ்வளவு சுலபமாகப் போகும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. வீடு வீடாகப் பொத்திப் பொத்தி வைத்த எழுத்து இரண்டு இழுப்பில் கறுப்புத் தண்ணீராகக் கட்டையில் வழிந்தது. அப்புறம் எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் வந்தது. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். மச்சான் ஓடிவந்து கையை முறுக்கினான். அவன் முறுக்க முறுக்க நான் மெட்ராஸில் நடந்ததைக் கத்திச் சொன்னேன். கடைக்காரர் தோலை மாற்றக் கழித்துக்கொள்வேன் என்றது, படக்கடைக்காரர் சும்மா கேட்டது, ரயிலில் இவன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். வல்லத்தை அழித்துவிட்டாள் என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. எண்பதுகள் முடிகிறவரைக்கும் எனக்கு அந்தப் பெயர் நிலைத்தது, வல்லத்தை அழிச்சவ.

தலைவர் கையை உயர்த்தினார். நான் சொன்னது நிஜமா என்று மச்சானைக் கேட்டார். அவன் என் கையை விட்டுவிட்டு மணலைப் பார்த்தான். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"எழுத்த அழிச்சிட்ட. இப்போ இது இன்னா?"

"டோலக்கு, தலைவரே. அடிக்கச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து, டோலக்கை மடியில் இழுத்து, பெரிய பக்கத்தில் ஓர் அடி அடித்தார். ஈரச் சாக்கில் அடித்த மாதிரி இருந்தது. மாதக்கணக்கில் தொய்ந்த தோல், இப்போது என் புண்ணியத்தில் தண்ணீரும் குடித்திருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நெருப்பு வேண்டும் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், என்னைச் சுற்றி நின்றவர்கள் விடவில்லை.

அந்தப் பையன்தான் எழுந்து போனான். தென்னை மட்டையும் சருகும் கொண்டுவந்து போட்டுக் கொளுத்தினான். அவன் மாமியார் அவனைப் பேர் சொல்லி அதட்டினாள். தொய்ந்த டோலக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை போலிருக்கிறது. அடுத்த வருஷம் அவன் வலை கட்டப் பழகி, ஏரியில் இறங்கித் தன் பெயரைப் பானையில் சேர்த்துக்கொண்டான். அன்று அது அவனுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் டோலக்கை அனலில் காட்டித் திருப்பினார். கயிற்று வளையங்களை ஒவ்வொன்றாக இறுக்கினார். விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார், மறுபடி அனலில் காட்டினார். குப்பமே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டது. தலைவர் அந்தச் சீட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றார். தோல் கிழிந்துவிடுமோ, இனிமேல் சத்தம் எழும்பவே எழும்பாதோ என்று பயந்தேன். தோல் கிழிந்திருந்தால் அந்தக் குப்பத்தில் என்னை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது, என் வீட்டுக்காரர் காப்பாற்ற வந்திருக்கவும் மாட்டார்.

கடைசியாக மடியில் வைத்து அடித்தார். சத்தம் எழும்பியது. இரண்டு பக்கமும் சேர்ந்து, ஏரி வரைக்கும் கேட்கிற சத்தம். தலைவர் சீட்டைச் சுருட்டினார்.

"அடிச்சிட்டான்," என்று சொல்லிப் பானையில் போட்டார்.

பானையைக் குலுக்கி ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் டோலக்கில் ஓர் உருட்டு உருட்ட வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் அந்த முறை செல்லும். யார் பெயர் வந்தாலும் அவர் உருட்டினார். என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் பெயருக்கும் உருட்டினார், மச்சான் பெயருக்கும் உருட்டினார். எங்கள் சீட்டு வெகுநேரம் வரவில்லை. பானையின் அடியில் கிடந்து கடைசிக்குப் பக்கத்தில்தான் வந்தது. முகத்துவாரத்திலிருந்து தள்ளி, இறால் அவ்வளவாக ஏறாத இடம். தலைவர் பெயரைப் படித்தார். என் வீட்டுக்காரரின் கைகள் தோலின் மேல் அப்படியே நின்றன. அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, வல்லம் இருந்தது, என்னால் அதைத் தாங்க முடியவில்லை. பிறகு குனிந்து, தன் பெயருக்குத் தானே உருட்டினார். மற்றவர்களுக்கு உருட்டியதைவிட நீளமாக உருட்டினார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானை முழுக்கக் கறுப்பாக இருந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.